காடு துண்டாகும்போது பறவைங்களோட வட்டார வழக்குக்கு என்ன ஆகுது?

அழியுற நிலையில இருக்கிற ஒரு பறவை தன்னோட பாட்டையே மறந்துடுச்சுன்னு 2021-ல ஒரு செய்தி உலகம் முழுக்க சுத்துச்சு, ஆஸ்திரேலியாவுல இருக்கிற ரீஜென்ட் ஹனிஈட்டர்ங்கிற தேன் குடிக்கிற பறவையைப் பத்தினது அது. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வேற மாதிரி செய்திகளும் வந்திருக்கு, காடு துண்டு துண்டா ஆனதால ஒவ்வொரு துண்டுல இருக்கிற பறவையும் தனித்தனியா வேற மாதிரி பாட ஆரம்பிச்சிடுச்சுன்னு. ரெண்டையும் படிச்சவங்களுக்கு குழப்பம் வர்றது நியாயம்தான். வாழிடம் போனா இடத்துக்கு இடம் பாட்டு வித்தியாசம் கூடுமா, குறையுமா?

ரெண்டும் நடக்குது, அதுவும் ஒரே காரணத்தால நடக்குது. அதனால வித்தியாசம் எவ்வளவு இருக்குன்னு மட்டும் எண்ணிப் பார்த்தா எதுவும் புரியாது, அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்துச்சுன்னு பார்க்கணும். சொல்லிக்கொடுக்க ஆள் நிறைய இருந்து வந்த வித்தியாசமா, இல்ல ஆளே இல்லாம போனதால வந்த வித்தியாசமா? இந்த ஒரு கேள்வியைக் கையில வெச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா பிடிபடும்.

பாட்டு பிறவியில வர்றதா, கத்துக்கிறதா?

முதல்ல ரெண்டு வார்த்தையைப் பிரிச்சுக்கணும். பறவை போடுற எல்லா சத்தமும் பாட்டு இல்ல. ஆபத்து வந்தா போடுற சத்தம், குஞ்சு பசிக்கு கத்துறது, கூட்டத்தைக் கூப்பிடுறது இதெல்லாம் அழைப்பு, பொதுவா சின்னதா இருக்கும். பாட்டுங்கறது நீளமா, ஒரு ஒழுங்கோட, பெரும்பாலும் இனப்பெருக்க காலத்துல வர்றது, இது என் இடம்னு மத்த ஆணுக்கும் நான் இங்க இருக்கேன்னு பெண்ணுக்கும் சொல்றது. நிறைய இனங்கள்ல ஆண்தான் அதிகம் பாடும், ஆனா பெண்ணும் பாடுற இனங்கள் முன்னாடி நினைச்சதைவிட ரொம்ப அதிகம்.

புறா, குயில் மாதிரி பறவைங்களுக்கு குரல் பெரும்பாலும் பிறவியிலயே வந்துடும். குயில் குஞ்சு காக்கா கூட்டுல வளர்ந்தாலும் பெருசானதும் குயில் மாதிரிதான் கூவும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. ஆனா பாடும் பறவைங்கன்னு தனியா சொல்ற பெரிய பிரிவு ஒண்ணு இருக்கு, உலகத்துல இருக்கிற பறவை இனங்கள்ல கிட்டத்தட்ட பாதி அதுல அடங்கும், அதுங்களும், கிளிகளும், ஹம்மிங்பேர்டுகளும் குரலைக் கேட்டுத்தான் கத்துக்கும். 1950-கள்ல கேம்பிரிட்ஜ்ல வில்லியம் தார்ப்ங்கிறவர் சாஃபிஞ்ச்ங்கிற சின்னப் பாடும் பறவையோட குஞ்சுகளை பெரிய பறவைங்களோட சத்தம் காதுலயே விழாம வளர்த்துப் பார்த்தார். அதுங்க வளர்ந்து பாடத்தான் செஞ்சது, ஆனா அந்தப் பாட்டு வெறும் எலும்புக்கூடு மாதிரி இருந்துச்சு, நீளம் ஏறத்தாழ சரி, உள்ள இருக்க வேண்டிய சங்கதி ஒண்ணும் இல்ல.

கத்துக்கிறதுக்கும் ஒரு காலம் உண்டு. வட அமெரிக்காவுல இருக்கிற வெள்ளைக் கொண்டை சிட்டுக்கு பொரிஞ்ச 10-ஆம் நாள்ல இருந்து 50-ஆம் நாள் வரைக்கும்தான் காது நல்லா திறந்திருக்கும்னு பீட்டர் மார்லர் சோதனை பண்ணி காட்டினார். அப்போ கேட்டது மனசுல பதிஞ்சு, பல மாசம் கழிச்சு முதல்ல மழலை மாதிரி முணுமுணுப்பா வெளிய வரும், அப்புறம் திருத்தித் திருத்தி ஒரு கட்டத்துல பாட்டு உறைஞ்சு போகும். அதுக்குமேல பல இனங்கள்ல மாத்த முடியாது. சில இனங்கள் வாழ்நாள் முழுக்க புதுசு கத்துக்கும், ஆனா இங்க நாம பேசப்போற பறவைங்கள்ல பலதுக்கு இளமையில கேட்டதுதான் சொத்து.

ஆக இது ஏட்டுல எழுதி வைக்காத செவிவழிப் பாடம். ஒரு தலைமுறை கேட்கலைன்னா போச்சு, மரபணுவுல இருக்கிறது அந்த எலும்புக்கூடு மட்டும்தான், உள்ள இருக்கிற சங்கதிக்கு பதிவு கிடையாது. "மறந்துடுச்சு"ன்னு செய்தியில போடுறது சரியான வார்த்தை இல்லன்னு நான் சொல்றது அதனாலதான். அந்த இளம் பறவைங்க எதையும் மறக்கல, அதுங்க காதுல அந்தப் பாட்டு விழவே இல்ல.

வட்டார வழக்கு எப்படி உருவாகுது

மார்லர் 1960-களோட ஆரம்பத்துல சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுத்தி அந்த வெள்ளைக் கொண்டை சிட்டுங்களை ரெக்கார்ட் பண்ணினப்போ, கொஞ்ச தூரம் தள்ளிப் போனாலே பாட்டு மாறுறதைப் பார்த்தார், ஒரு இடத்துல இருக்கிறதெல்லாம் ஒரே மாதிரி பாடுது, அடுத்த இடத்துல இருக்கிறதெல்லாம் வேற ஒரே மாதிரி. இதைத்தான் டயலெக்ட்னு சொல்றாங்க, நம்ம வார்த்தையில வட்டார வழக்கு. அது வர்றதுக்கு சில விஷயம் சேரணும்:

1. காப்பி அடிக்கிறதுல சின்னச் சின்ன பிசகு. குஞ்சு கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லாது, ஒரு சிலபிள் நீளும், ஒண்ணு விட்டுப் போகும். (சிலபிள்ங்கறது பாட்டுல உடையாம சேர்ந்து வர்ற ஒரு சின்னத் துணுக்கு.) பல தலைமுறையில இந்தப் பிசகு சேர்ந்து சேர்ந்து புது வழக்கா நிலைச்சுடும்.

2. வளர்ந்த இடத்துக்கு பக்கத்துலயே தங்குறது. ரொம்ப தூரம் பறந்து போய் கலந்துக்கிட்டே இருந்தா எந்த வித்தியாசமும் நிக்காது.

3. இடத்தோட ஒலி. அடர்ந்த காட்டுல இலையும் மரமும் சத்தத்தை சிதறடிக்கும், அங்க தாழ்ந்த சுருதியில மெதுவா இழுத்துப் பாடுறது தூரம் போகும், வெட்டவெளியில வேகமா உருட்டிப் பாடுறது எடுபடும். அதனால ஒரே இனமே ரெண்டு விதமான இடத்துல ரெண்டு விதமா பாடலாம்.

4. கேக்குறவங்களோட விருப்பம். பெண் பறவை தனக்குப் பழகின வழக்குல பாடுற ஆணைத் தேடினா அந்த வழக்கு இன்னும் கெட்டிப்படும், பக்கத்து ஆணும் பழக்கமான பாட்டுக்குத்தான் "இது எதிராளி"ன்னு சீறும், அந்நியமான பாட்டைக் கண்டுக்காம போயிடலாம்.

நாலும் சேர்ந்து ஓடணும்னா ஒரு இடத்துல நிறைய பாடகர்கள் இருக்கணும், பக்கத்து இடத்தோட போக்குவரத்து கொஞ்சமாவது இருக்கணும். இதைத்தான் வாழிட இழப்பு நேரா அடிக்குது.

காடு போனா படிப்படியா நடக்கிறது

வாழிட இழப்புன்னு சொல்றப்போ ரெண்டு விஷயத்தைப் போட்டு குழப்பிக்கிறோம். ஒண்ணு பரப்பளவு குறையறது, இன்னொண்ணு மிச்சம் இருக்கிறது தனித்தனி துண்டா பிரியறது. பாட்டுக்கு ரெண்டும் வேற வேற விதமா கெடுதல் பண்ணுது, அதனால படிகளாவே சொல்றேன்:

1. முதல்ல போக்குவரத்து நிக்குது. காட்டுக்குள்ளயே இருக்கிற பறவை நடுவுல வெட்டின வெளியைத் தாண்டிப் போகத் தயங்கும். இந்தத் துண்டுல இருக்கிற குஞ்சு இந்தத் துண்டு பாடகர்களை மட்டும்தான் கேட்கும்.

2. துண்டுக்குள்ள எல்லாரும் ஒரே மாதிரி ஆகுறாங்க, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல வித்தியாசம் கூடுது. மேப்ல பார்த்தா வட்டார வேறுபாடு அதிகமானது போலத் தெரியும். இந்த இடத்துலதான் "பல்வகைமை கூடிடுச்சு"ன்னு தப்பா நினைக்கத் தோணும்.

3. எண்ணிக்கை குறையக் குறைய அபூர்வமான சிலபிள்கள் உதிருது. அம்பது ஆண்கள் இருந்தப்போ மூணு பேர் மட்டும் பாடின துணுக்கு, பத்து பேரா குறைஞ்சப்போ யார்கிட்டயும் இல்லாம போகும். இதுல தகுதி ஒண்ணும் இல்ல, வெறும் குலுக்கல்தான்.

4. அதுக்கப்புறம் சொல்லித்தர்ற பெரியவங்களையே குஞ்சால கண்டுபிடிக்க முடியல. இது தனிக் கட்டம், முந்தினதோட தொடர்ச்சின்னு நினைக்கக்கூடாது. இங்க பாட்டு எளிமையாகுறது மட்டும் இல்ல, தப்பாவே ஆகுது, வேற இனத்தோட பாட்டைக்கூட பிடிச்சுக்கும்.

5. தப்பா பாடுறவனுக்கு ஜோடி கிடைக்கிறது குறையுது, அதனால குஞ்சு குறையுது, அதனால அடுத்த தலைமுறைக்கு பாடகர் இன்னும் குறையுது. இப்போ இது சுழல், வெளிய இருந்து யாரும் மரம் வெட்டலைன்னாகூட உள்ளுக்குள்ளயே சுத்த ஆரம்பிச்சிடும்.

ரெண்டாவது படியில வேறுபாடு ஏறுது, மூணு நாலுல சரியுது, இல்லன்னா அர்த்தமே இல்லாத வேறுபாடா மாறுது. எந்தப் பறவை எந்தப் படியில இருக்குன்னு தெரியாம செய்தியைப் படிச்சா ஒண்ணுக்கொண்ணு முரணாத்தான் தெரியும்.

ஸ்பெயின் வானம்பாடி: ரெண்டாவது, மூணாவது படி

டூபாங் வானம்பாடின்னு ஒரு பறவை, ஸ்பெயின்ல குட்டைப் புதர் வளர்ந்த வறண்ட சமவெளியில இருக்கு. தரையிலயே ஓடித் திரியும், தூரமா போய் குடியேறாது, விடியறதுக்கு முன்னாடி இருட்டுலயே பாட ஆரம்பிச்சிடும். அந்த சமவெளியை உழுது வயலாக்கினதுல அதோட இடம் தீவு தீவா ஆயிடுச்சு. பாவ்லா லயோலோ, ஹோசே தெல்லான்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2005-ல இருந்து அடுத்தடுத்து வெளியிட்ட ஆய்வுகள்ல, துண்டான இடங்கள்ல பக்கத்து பக்கத்து ஆண்கள் ஒருத்தரை ஒருத்தர் அதிகமா காப்பி அடிக்கிறதையும், சின்னதா தனிச்சுப் போன துண்டுகள்ல ஒரு ஆணுக்குத் தெரிஞ்ச பாட்டு வகைகளே குறைஞ்சு போறதையும் காட்டினாங்க. 2008-ல அவங்க குழு இன்னொண்ணு சொன்னது, ஆண்களோட பாட்டு வளம் குறைஞ்ச கூட்டங்கள்தான் எண்ணிக்கையிலயும் சரிஞ்சுக்கிட்டு, அழியுற பக்கம் சாய்ஞ்சிருக்கிறதா. அதாவது பாட்டைக் கேட்டே ஒரு கூட்டத்தோட உடம்பு எப்படி இருக்குன்னு ஓரளவு சொல்ல முடியும், டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி.

மேற்குத் தொடர்ச்சி மலை ஷோலக்கிளி: பழைய பிரிவு, புதுப் பிரிவு

இந்த விஷயத்துல ரொம்ப தெளிவான ஆய்வுகள்ல ஒண்ணு மேற்குத் தொடர்ச்சி மலையோட சோலைக்காட்டுப் பறவைங்க மேல நடந்தது. மலை உச்சியில மட்டும் இருக்கிற சோலைக்காடு, சுத்தி தாழ்வான வெப்பமான நிலம், அதனால ஒவ்வொரு உச்சியும் ஒரு தீவு, வானத் தீவுன்னே பேர் வெச்சிருக்காங்க. அங்க இருக்கிற நீல நிற சின்னப் பறவையை முன்னாடி ஷார்ட்விங்னு சொன்னாங்க, 2017-ல அதுக்கு ஷோலிகோலான்னு தனிப் பேரினமே பிரிச்சு ஷோலக்கிளின்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க (பேர்ல கிளி இருந்தாலும் இது கிளி இனம் இல்ல).

இங்க என்ன விசேஷம்னா ரெண்டு விதமான பிரிவும் ஒரே இடத்துல இருக்கு. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் மாதிரி பள்ளங்கள் ரொம்ப ரொம்ப பழசு, பறவைங்க லட்சக்கணக்கான வருஷமா அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு பிரிஞ்சே இருக்கு. அதே நேரத்துல ஆனைமலை, பழனி மலைப் பக்கம் தேயிலைத் தோட்டம், யூகலிப்டஸ், வாட்டில் மரம்னு வந்து சோலைக்காடு துண்டானது நேத்து நடந்த மாதிரி. சேதனா புருஷோத்தமும் வி.வி. ராபினும் 2016-ல வெளியிட்ட ஆய்வுல ஆறு இடத்துல 38 பறவைங்ககிட்ட இருந்து 835 பாட்டை எடுத்து அளந்து பார்த்தாங்க. சுருதி, நேரம், வரிசை இதையெல்லாம் வெச்சு பார்த்தப்போ பாட்டு மூணு பெரிய கொத்தா பிரிஞ்சது. ஆனா ஒரு குணம் மட்டும் பழைய பள்ளத்தால பிரிஞ்ச கூட்டங்கள்லயும் வேறுபட்டுச்சு, புதுசா காடு வெட்டினதால பிரிஞ்ச கூட்டங்கள்லயும் வேறுபட்டுச்சு.

அது என்ன குணம்னு புரிய பறவையோட தொண்டையைக் கொஞ்சம் பார்க்கணும். நமக்கு குரல்வளை மேல இருக்கு. பறவைக்கு சத்தம் வர்ற உறுப்பு கீழ, மூச்சுக்குழாய் ரெண்டா பிரியற இடத்துல இருக்கு, பேரு சிரிங்ஸ். ரெண்டு கிளைக்கும் தனித்தனி கட்டுப்பாடு. அதனால ஒரே நேரத்துல ரெண்டு சுரம் பாடலாம், இடது பக்கத்துல ஆரம்பிச்ச சுரத்தை இடைவெளியே இல்லாம வலது பக்கத்துக்குத் தாவ விடலாம். ஷோலக்கிளி இந்த மாதிரி நுணுக்கமான குரல் வித்தைகளை பாட்டுல எங்க, எப்படி பயன்படுத்துதுங்கறதுலதான் கூட்டத்துக்குக் கூட்டம் வித்தியாசம் தெரிஞ்சது. மரபணுவோ வழக்கமான சுருதி அளவோ காட்டாத பிரிவைக்கூட இது காட்டிக்கொடுக்கலாம்னு அந்த ஆய்வு சொல்லுது. எனக்கு இந்த ஆய்வுல முக்கியமா படுறது இதுதான்: மரபணு மாற ரொம்ப காலம் எடுக்கும், பாட்டு சில தலைமுறையிலயே மாறிடும், அதனால காடு பிரிஞ்சதை முதல்ல சொல்ற சாட்சி பாட்டுதான். டிஎன்ஏ ரிப்போர்ட்ல பிரச்சனை தெரிய வர்ற வரைக்கும் காத்திருந்தா பல இடத்துல ரொம்ப லேட்.

ரீஜென்ட் ஹனிஈட்டர்: நாலாவது, அஞ்சாவது படி

இப்போ செய்தியில வந்த பறவைக்கு வருவோம். மைனா அளவு இருக்கும், கருப்பு உடம்புல மஞ்சளும் வெள்ளையுமா பின்னல் வேலை செஞ்ச மாதிரி இறகு, கண்ணைச் சுத்தி முடி இல்லாத சொரசொரப்பான தோல். பாடும்போது தலையை ஆட்டி ஆட்டிப் பாடும். ஒரு காலத்துல ஆஸ்திரேலியாவோட தென்கிழக்கு முழுக்க, குவீன்ஸ்லாந்துல இருந்து அடிலெய்ட் பக்கம் வரைக்கும் பெரிய பெரிய கூட்டமா திரிஞ்சது. இப்போ காட்டுல மிஞ்சியிருக்கிறது சில நூறுதான்.

காரணம் யூகலிப்டஸ் மரக்காடுகளை வெட்டினது. இந்தப் பறவை பூ எங்க பூக்குதோ அங்க போற நாடோடி, ஒரே இடத்துல உட்கார்ந்திருக்காது, அதனால வளமான மண்ணுல இருந்த நல்லா தேன் சுரக்கிற மரங்கள் போனது நேரா அடி. மிச்சம் இருக்கிற துண்டுகள்ல நாய்சி மைனர்ங்கிற அடாவடியான பறவை கூட்டம் சேர்ந்து மத்த சின்னப் பறவைங்களை விரட்டிடுது, காடு துண்டானா அதுக்குக் கொண்டாட்டம், ஓரங்கள் அதிகமானா அதுவும் அதிகமாகும்.

ரீஜென்ட் ஹனிஈட்டரோட கல்வி முறையை கவனிச்சாத்தான் ஏன் இவ்வளவு சீக்கிரம் பாட்டு உடைஞ்சதுன்னு புரியும். கூட்டுல குஞ்சு இருக்கிறப்போ அப்பா பறவை சத்தம் போடுறதைக் குறைச்சுக்கும், எதிரிக்கு கூடு தெரிஞ்சிடக்கூடாதுன்னு. அதனால குஞ்சு அப்பாகிட்ட இருந்து பாட்டைக் கத்துக்காது. கூட்டை விட்டு வெளிய வந்தப்புறம் பெரிய ஆண்கள் இருக்கிற இடத்தைத் தேடிப் போய்தான் கத்துக்கணும். ஆயிரக்கணக்குல இருந்த காலத்துல இது ஒரு பிரச்சனையே இல்ல, பூத்த மரம் எங்க இருந்தாலும் அங்க பத்து பாடகர் இருப்பாங்க. இப்போ அந்த இளம் ஆணை யோசிச்சுப் பாருங்க, ஒரு பூத்த மரத்துக்கு வருது, சுத்தி ஃப்ரையர்பேர்ட், வாட்டில்பேர்ட், ரோசெல்லா கிளி எல்லாம் கத்திக்கிட்டு இருக்கு, தன் இனத்து ஆண் ஒண்ணுகூட இல்ல. காது திறந்திருக்கிற காலமோ போய்க்கிட்டே இருக்கு. அது எதைக் கேட்குதோ அதைத்தான் எடுத்துக்கும்.

ராஸ் கிரேட்ஸ்ங்கிற ஆய்வாளரும் அவரோட குழுவும் 2015-ல இருந்து 2019 வரைக்கும் காட்டுல அலைஞ்சு ஆண்களை ரெக்கார்ட் பண்ணி 2021-ல வெளியிட்ட முடிவுகள்:

1. 27 சதவீத ஆண்கள் அந்தந்த வட்டாரத்தோட வழக்கமான பாட்டுல இருந்து விலகிப் பாடினது.

2. 12 சதவீத ஆண்கள் தன் இனத்துப் பாட்டையே பாடல, முழுக்க வேற இனத்தோட பாட்டைத்தான் பாடினது.

3. இப்படி வேற இனத்துப் பாட்டைப் பாடினதெல்லாம் பெரும்பாலும் ஹனிஈட்டர் அடர்த்தி குறைஞ்ச இடங்கள்ல இருந்தது.

4. மாறிப் பாடின ஆண்களுக்கு ஜோடி சேர்றதும் கூடு கட்டுறதும் குறைவா இருந்தது.

5. 1980-கள்ல இருந்து கிடைச்ச பழைய ரெக்கார்டிங்கோட ஒப்பிட்டா பாட்டோட நுணுக்கமே குறைஞ்சிருக்கு.

இங்க வட்டார வழக்கு இல்லாமலும் இல்ல. சிட்னிக்கு மேற்கே இருக்கிற நீலமலைப் (ப்ளூ மவுண்டன்ஸ், நம்ம நீலகிரி இல்ல) பக்கம் இருக்கிற ஆண்கள் பாடுறதுக்கும் வடக்கே மேட்டுநிலத்துல இருக்கிற கொஞ்சம் பேர் பாடுறதுக்கும் வித்தியாசம் உண்டு, அது பழைய, முறையான வித்தியாசம். அந்த 12 சதவீதத்தோட வித்தியாசம் அந்த வகையில சேராது. கணக்குப் போடுற சாஃப்ட்வேருக்கு ரெண்டும் "மாறுபாடு"தான், பெண் பறவைக்கு அப்படி இல்ல. முதல் வகை "இந்த ஊர்க்காரன்"னு சொல்லுது, ரெண்டாவது வகையைக் கேட்டா அது தன் இனம்னே பெண்ணுக்குத் தெரியாம போகலாம். ஒரு பறவை உயிரோட, ஆரோக்கியமா, முழு மூச்சா பாடிக்கிட்டே இருந்தும் தன் இனத்துக்கே இல்லாத மாதிரி ஆயிடுறது, இதைவிட மனசைப் பிசையுற விஷயம் இந்த முழு ஆராய்ச்சியிலயும் இல்லன்னு நினைக்கிறேன்.

ஹவாய்: வேறுபாடு கரைஞ்சு போறது

ஹவாய் தீவுக் கூட்டத்துல ஒண்ணான கவாய் தீவுல நடந்தது இன்னொரு கோணம். அங்க காடு இருந்தும் பறவைங்க இருக்க முடியல, வெளிய இருந்து வந்த கொசு பறவை மலேரியாவைப் பரப்புது, வெப்பம் ஏற ஏற கொசு மலை மேல ஏறுது, குளிர்ச்சியான உச்சிக் காடு மட்டும்தான் பாதுகாப்பு, அதுவும் சுருங்கிக்கிட்டே வருது. மரம் நிக்குது ஆனா வாழிடம் போச்சு, வாழிட இழப்புன்னா எப்பவும் கோடாலியாத்தான் வரணும்னு இல்ல. 2019-ல வந்த ஆய்வு ஒண்ணு அகெகெஎ, அனியனியாவ், கவாய் அமகிஹின்னு மூணு இனத்தோட 1970-கள் ரெக்கார்டிங்கை பிந்தைய ரெக்கார்டிங்கோட வெச்சுப் பார்த்தது. மூணோட பாட்டும் எளிமையாகியிருக்கு, அதோட மூணும் ஒண்ணுக்கொண்ணு நெருங்கி வந்திருக்கு. இனத்துக்கும் இனத்துக்கும் நடுவுல இருந்த எல்லையே மங்குது.

அதே தீவுல கவாய் ஓஓங்கிற பறவையோட குரல் கடைசியா 1987-ல கேட்டது, 2023-ல அமெரிக்க அரசு அது அழிஞ்சுடுச்சுன்னு அறிவிச்சுது. அந்த ரெக்கார்டிங் இப்பவும் இருக்கு.

ஹவாய் காக்கா, அலலான்னு சொல்வாங்க, 2002-ல காட்டுல இருந்து மறைஞ்சு போச்சு, அப்புறம் கூண்டுலதான் வளர்த்தாங்க. 1990-களோட ஆரம்பத்துல காட்டுல எடுத்த ரெக்கார்டிங்கோட கூண்டுப் பறவைங்களை 2017-ல ஒப்பிட்டப்போ எல்லைக்காக தூரத்துக்கு உரக்கக் கத்துற சத்தம் காணாம போயிருந்தது, ஆபத்து சத்தமும் குறைஞ்சிருந்தது. கூண்டுல எல்லையும் இல்ல பருந்தும் இல்ல, யாருக்கு வேணும் அந்த வார்த்தை. ஆனா திரும்பக் காட்டுல விடுறப்போ பருந்து அங்கதான் இருக்கும்.

எல்லா மாற்றமும் இழப்பு இல்ல

இதையும் சொல்லியாகணும், இல்லன்னா பாட்டு மாறினாலே பயப்பட ஆரம்பிச்சிடுவோம். கனடாவுல வெள்ளைத் தொண்டை சிட்டு பாட்டோட முடிவுல மும்மூணா வர்ற சுரத்தை விட்டுட்டு ரெண்டு ரெண்டா பாடுற புது முறை மேற்குல கிளம்பி 3,000 கிலோமீட்டருக்கு மேல கிழக்கே பரவினதை 2020-ல வந்த ஆய்வு காட்டுச்சு. அந்த இனம் ஏராளமா இருக்கு, குஞ்சுகளுக்கு பாடகர் பஞ்சம் இல்ல, குளிர்காலத்துல ஒண்ணா தங்குறப்போ கேட்டுப் பிடிச்சுக்கிட்டிருக்கலாம். பழைய வட்டார வழக்கு அழிஞ்சது உண்மைதான், ஆனா அது உயிருள்ள மொழியில புதுச் சொல் பரவுற மாதிரி.

நகரத்துப் பறவைங்க வண்டி இரைச்சலுக்கு மேல கேட்கணும்னு சுருதியை ஏத்திக்கிறதும் இப்படித்தான், கிரேட் டிட் பறவைங்க நெதர்லாந்துல அப்படிப் பாடுறதை 2003-லயே காட்டிட்டாங்க. அது பிழைக்கிறதுக்கான சாமர்த்தியம்.

பிரிச்சுப் பார்க்க மூணு கேள்வி போதும். ஒரு ஆணுக்குத் தெரிஞ்ச சிலபிள் எண்ணிக்கை குறையுதா? ஒரே இடத்துல இருக்கிற ஆண்களுக்குள்ளயே ஒத்துப் போகலையா? மாறிப் பாடுறவனுக்கு ஜோடி கிடைக்கலையா? மூணுக்கும் ஆமான்னா அது வழக்கு மாறுறது இல்ல, பாடம் அறுந்து போனது.

காப்பாத்துறவங்களுக்கு இதனால வர்ற சிக்கல்

பறவையை இடம் மாத்துறது, கூண்டுல வளர்த்து விடுறதுன்னு செய்யறப்போ எண்ணிக்கையும் மரபணுவும்தான் முன்னாடி பார்த்தாங்க. நியூசிலாந்து டியெகெங்கிற பறவையோட வடக்குத் தீவு வகை ஒரே ஒரு சின்னத் தீவுல மட்டும் மிஞ்சியிருந்தது, 1960-கள்ல இருந்து அதைப் பிடிச்சு பல தீவுகளுக்குக் கொண்டு போனாங்க. இனம் பிழைச்சது. ஆனா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பறவைங்கதான் போச்சு, அதுங்களுக்குத் தெரிஞ்ச பாட்டு மட்டும்தான் அந்தத் தீவோட பாட்டு, அதுல இருந்து இன்னும் கொஞ்சத்தைப் பிடிச்சு அடுத்த தீவுக்கு. அம்பது வருஷத்துக்குள்ள தீவுக்குத் தீவு பாட்டு பிரிஞ்சு போய், ஆண்கள் தன் தீவுப் பாட்டுக்கு அதிகமாவும் அடுத்த தீவுப் பாட்டுக்கு குறைவாவும் எதிர்வினை காட்டுற அளவுக்கு வந்துடுச்சு. நாளைக்கு ரெண்டு தீவுப் பறவைங்களைக் கலக்க நினைச்சா இந்த வித்தியாசத்தையும் கணக்குல எடுத்தாகணும்.

ரீஜென்ட் ஹனிஈட்டருக்கு சிட்னி டரோங்கா மிருகக்காட்சி சாலையில 1990-கள்ல இருந்து கூண்டு இனப்பெருக்கம் நடக்குது. அங்க பிறந்த ஆண்கள் பாடினது காட்டுப் பாட்டு மாதிரியே இல்ல, குட்டையா வேற ஏதோ. காட்டுல விட்டா பெண் திரும்பிப் பார்க்குமாங்கிற கேள்வி வந்தது. அதனால பாட்டு வகுப்பு ஆரம்பிச்சாங்க. முதல்ல ஸ்பீக்கர்ல ரெக்கார்டிங் போட்டாங்க, அது போதல. அப்புறம் சரியா பாடத் தெரிஞ்ச காட்டு ஆண்களைக் கொண்டு வந்து குஞ்சுகளுக்குப் பக்கத்துல வெச்சாங்க. ஒரு வாத்தியாருக்கு நிறைய குஞ்சு இருந்தா பாடம் ஏறல, அதுங்க ஒண்ணோட உளறலை ஒண்ணு கேட்டுக்கிட்டே வளருது, எண்ணிக்கையைக் குறைச்சதும் பிடிச்சுக்கிச்சு. காட்டுப் பாட்டை முழுசா கத்துக்கிட்ட குஞ்சுகளோட பங்கு மூணு வருஷத்துல பூஜ்யத்துல இருந்து 42 சதவீதத்துக்கு ஏறினதா அப்புறம் வெளியிட்டாங்க. கத்துக்கிட்ட ஆண்களே அடுத்த வருஷக் குஞ்சுகளுக்கு வாத்தியார் ஆயிடுச்சு.

ஆனா அந்த வருஷங்களுக்குள்ள வெளிய வேற ஒண்ணு நடந்துடுச்சு. நீலமலையோட முழுப் பாட்டைப் பாடின ஆண்கள் காட்டுல ஒவ்வொண்ணா குறைஞ்சு, கடைசியில அந்த முழுப் பாட்டு காட்டுல கேட்கிறதே நின்னு போச்சு, சிலபிள் பாதியா குறைஞ்ச ஒரு சுருக்கமான பாட்டுதான் அங்க இப்போ வழக்கம். இப்போ அந்தப் பழைய பாட்டு முழுசா உயிரோட இருக்கிறது கூண்டுக்குள்ள வளர்ந்த பறவைங்ககிட்ட மட்டும்தான். அடுத்து அதுங்களை வெளிய விடுறப்போ, சுருக்கப் பாட்டைக் கேட்டே வளர்ந்த காட்டுப் பெண்கள் இந்த முழுப் பாட்டுக்கு வருமா, காட்டுக் குஞ்சுகள் ரெண்டுல எதைப் பிடிச்சுக்கும், இதைத்தான் பூக்கிற சீசன்ல மைக்கோட மரத்தடியில நின்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.